அந்த ஆளோட பேரு

அறிவு இருக்கிறவன் எவனும் மண்வெட்டிக்கு ஓட்டுப் போட மாட்டான். இதை நான் எத்தனையோ வருஷமா சொல்லிக்கிட்டு வர்றேன், எங்க தெரு நாய்க்குக்கூடத் தெரியும். இப்ப என்னடான்னா, எனக்கு அறிவு சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லச் சொல்லி, மண்வெட்டிக்கு ஓட்டுப் போடற என் சொந்தப் பொண்ணு என்னை இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து பெஞ்சுல உக்கார வச்சிருக்கா. காலம் எப்படிக் கெட்டுக் கிடக்கு பாருங்க. பெஞ்சு வேற இரும்பு. ஏ.சி. காத்து நேரா பிடரியில அடிக்குது. காலையில கிளம்பறப்பவே தகராறு. "ஆஸ்பத்திரிக்கு எதுக்குப்பா கரைவேட்டி, சாதா வேட்டி கட்டிக்கிட்டு வாங்க"ன்னா. மூளையைப் பார்க்கப் போறப்பதான்மா கரைவேட்டி கட்டணும், குடைக் கட்சிக்காரன்னு தெரிஞ்சா டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்னேன். சிரிக்கலை. முன்னெல்லாம் சிரிப்பா. இந்தப் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் வீடு பூரா பரவினதுலேர்ந்து அவளுக்குச் சிரிப்பு நின்னு போச்சு. பேரு நுண்மதி. நான் வச்ச பேரு இல்ல, தலைவர் வச்சது. மன்னார்குடி பொதுக்கூட்டத்துல கைக்குழந்தையைத் தூக்கிட்டு மேடை ஏறினோம், நானும் சுலோச்சனாவும். தலைவர் குழந்தையை வாங்கி மைக்குக்கிட்ட வச்சு, நுண்மதின்னாரு. நுட்பமான அறிவுன்னு அர்த்தம். கூட்டம் கைதட்டி ஓயறதுக்குள்ள குழந்தை தலைவரோட துண்டுல ஒண்ணுக்குப் போயிடுச்சு. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும். மெட்ராஸ்ல வேலைக்குப் போனா, அங்க ஒருத்தனைப் பிடிச்சிருக்குன்னா, பையன் யாருன்னு விசாரிச்சா அவங்க அப்பா மண்வெட்டிக் கட்சியில வட்டச் செயலாளர். தலைவர் பேரு வச்ச பிள்ளை, போயும் போயும் அந்த வீட்டுக்கு மருமகளாப் போனா. சரி, கல்யாணத்தோட நிக்கும்னு பார்த்தா, ஓட்டும் அங்கதானாம். அதையும் என் மூஞ்சிக்கு நேரா, இட்லி வச்சுக்கிட்டே சொல்றா. இன்னும் ரெண்டு வைக்கவாப்பா, நான் இந்தத் தடவை மண்வெட்டிக்குத்தான் போட்டேன்னு ஒரே மூச்சுல.

அறிவுக்கும் கட்சிக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு கேட்டா, இருக்கு, கண்டிப்பா இருக்கு. மின்வாரியத்துல லைன்மேனாச் சேர்ந்து ஃபோர்மேனா ரிட்டையர் ஆனவன் நான், ஏறாத வீடு இல்ல, பார்க்காத கொடி இல்ல. எங்க கட்சிக்காரன் வீட்டுக்குப் போனா வாசல்லயே சொல்லிடுவான், ஃபீஸ் போயிடுச்சு மாசிலாமணி அண்ணன்னு. மண்வெட்டிக்காரன் வீட்டுல, கரண்ட்டு போயிடுச்சும்பான். எங்க போச்சு, எதனால போச்சு, ஒண்ணும் தெரியாது, போயிடுச்சு, அவ்வளவுதான். இதுக்கு மேல என்னய்யா ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு? கோதண்டம் ஒருத்தன் மட்டும் விதிவிலக்கு. பரம்பரை மண்வெட்டி, ஆனா ஃபீஸ் போட அவனுக்கே தெரியும், மோட்டாருக்குக் காயில்கூடக் கட்டுவான். அதனால அவனைக் கணக்குல சேர்த்துக்கறது இல்ல. போன மாசம் போன்ல எனக்கு ஒரு செய்தி வந்துச்சு, மூளை அதிகமா இருக்கிறவங்க குடைக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடறாங்கன்னு ஏதோ பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சிருக்காங்களாம். அப்பவே கோதண்டத்துக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்துல அதே செய்தி அவன்கிட்டேர்ந்து திரும்பி வருது, அதே பல்கலைக்கழகம், அதே படம், குடை இருந்த இடத்துல மண்வெட்டி. எவன் முதல்ல எழுதினான், எவன் மாத்தினான், ஒண்ணும் புரியல. ரெண்டு பேரும் டீக்கடையில உக்காந்து கத்தினதுல டீ ஆறிப்போச்சு. இந்தக் கணக்கை ஒரே ஒருத்திதான் தீர்த்து வச்சிருக்க முடியும், என் சம்சாரம் சுலோச்சனா. அவ அறிவாளி. அதுல எனக்கும் சந்தேகம் இல்ல, கோதண்டத்துக்கும் சந்தேகம் இல்ல. ஓட்டுப் போட்டுட்டு மை வச்ச விரலோட வருவா, யாருக்குப் போட்டேன்னு கேட்டா, போட வேண்டியவங்களுக்குப் போட்டேம்பா. கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, போயிட்டா. கேட்டுக்கிட்டே இருந்திருக்கணும். இப்ப யார்கிட்ட கேக்க?

டோக்கன் நம்பர் ஒண்ணு கூப்பிடறாங்க, நம்மது இல்ல. நுண்மதி போன்ல எதையோ தள்ளிக்கிட்டே இருக்கா, ஆனா ஒரு கண்ணு என் மேலதான். எழுந்து பாத்ரூம் பக்கம் போனா கூடவே எழுந்திருக்கிறா. நான் என்ன சின்னப் பிள்ளையா? கேஸ் விஷயம் யாருக்கும் நடக்கலாம். கண்ணாடியை ஃபிரிட்ஜுல வச்சதும் யாருக்கும் நடக்கலாம், வெயில் காலம். அந்த மூணாவது விஷயம்தான், அதை இவகிட்ட சொல்லல, யார்கிட்டயும் சொல்லல. மார்க்கெட்டுலேர்ந்து வெளியே வந்து நிக்கறேன், கையில கத்திரிக்காய்ப் பை, எதிர்ல நாலு தெரு போகுது, நாலும் ஒரே மாதிரி இருக்கு. நானே கம்பம் நட்ட தெருக்கள். எந்தத் தெருவுல என் வீடுன்னு தெரியல. கொஞ்ச நேரம்தான். கம்பத்தைப் பார்த்துக்கிட்டே நின்னேன், அப்புறம் கோதண்டம் சைக்கிள்ல வந்து, என்ன மாசிலா, கூட்டத்துக்கு ஆள் சேர்க்கறியான்னான், பேசிக்கிட்டே அவன் கூடவே நடந்து வீட்டுக்கு வந்துட்டேன். மண்வெட்டிக்காரன் பின்னாடி நடந்து வீடு வந்து சேர்ந்தேன், இதை வெளியில சொல்ல முடியுமா? சொன்னா அவ்வளவுதான். இந்தப் பரீட்சையில மார்க்கு குறைஞ்சா வீட்டைப் பூட்டிட்டு என்னை மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயிடறதுன்னு இவளும் மாப்பிள்ளையும் முடிவு பண்ணிட்டாங்க. இவ வாயால சொல்லல, மாப்பிள்ளைதான் போன்ல பேசறப்ப, மாமாவுக்கு ஹால்ல கட்டில் போட்டுடலாம்னு சொன்னது காதுல விழுந்துச்சு. ஹால்ல. அந்த ஹால்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? வாசப்படி ஏறின உடனே எதிர்ச் சுவத்துல மண்வெட்டிக் கட்சித் தலைவன், அந்த ஆளோட போட்டோ, உயிரோட இருக்கறப்பவே பிளாஸ்டிக் சந்தன மாலை, கீழ ஒரு சின்ன லைட்டு, ராத்திரி பூரா எரியும். காலையில கண்ணு முழிச்சா அந்த மூஞ்சி. ராத்திரி கண்ணை மூடினா அந்த மூஞ்சி. அவங்க வீட்டு டிவியில அவங்க சேனல். நான் சம்பந்தி கூட உக்காந்து அந்த ஆளு பேசறதைக் கேட்டுக்கிட்டு மோர்க்குழம்பு சாப்பிடணும். அதுக்கு ஜெயில் தேவலை, அங்கயாவது எங்க ஆளுங்க நாலு பேர் இருப்பாங்க. எனக்கு என் வீடு வேணும். என் கொடிக்கம்பம், என் வேப்பமரம், சுலோச்சனா போட்டு வச்ச அஞ்சறைப் பெட்டி. அவ்வளவுதான். அதுக்கு இந்தப் பரீட்சையில பாஸ் பண்ணணும்.

பரீட்சை எப்படி இருக்கும்னு கோதண்டம் சொல்லிட்டான். அவனை அவன் மருமக இதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துச்சு, முழு மார்க்காம், ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறான். இன்னிக்கு என்ன கிழமை கேப்பாங்க. நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லுவாங்க. மூணு வார்த்தை சொல்லி, அப்புறமா திருப்பிக் கேப்பாங்க. கடியாரம் வரையச் சொல்லுவாங்க. அப்புறம், இதைச் சொல்றப்ப அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே, "முதலமைச்சர் யாருன்னு கேப்பாங்கடா மாசிலா, அங்கதான் நீ மாட்டுவே"ன்னான். சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துடுச்சு அவனுக்கு. ஏன்னா ஊருக்கே தெரியும், அந்த ஆளு நாற்காலியில உக்காந்த அன்னிக்கு டீக்கடையில நான் ஒரு சபதம் பண்ணினேன், இந்த வாயால அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன்னு. இன்னிக்கு வரைக்கும் சொன்னது இல்ல. அந்த ஆளும்பேன். அவனும்பேன். மூக்கால பேசறவன், மேல் துண்டு, இன்னும் சிலது இருக்கு, இங்க பொம்பளைங்க இருக்காங்க. பேரை மட்டும் சொன்னது இல்ல. இது என்ன நியாயம்னு கேக்கறேன். அறிவுப் பரீட்சையில ஆளுங்கட்சிக்காரனுக்கு ஒரு மார்க்கு இனாம், எதிர்க்கட்சிக்காரனுக்கு ஒரு மார்க்கு போச்சு. ஒவ்வொரு எலக்‌ஷன் முடிஞ்ச மறுநாளும் தமிழ்நாட்டுல பாதிக் கிழவனுங்களுக்கு மூளை கொஞ்சம் குறைஞ்சு, மீதிப் பாதிக்குக் கூடிப் போகுமா? எங்க தலைவர் ஆண்டப்ப இந்தப் பரீட்சை வச்சிருந்தா கோதண்டம் கோட்டை விட்டிருப்பான், அவனும் எங்க தலைவர் பேரைச் சொல்ல மாட்டான். சரி, ஒரு மார்க்குதானே, போனாப் போகட்டும். கேட்டா சொல்ல மாட்டேன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிடறது. சபதம் சபதம்தான். என்ன பேரை நான் சொல்லமாட்டேன்னா, அந்த, அந்தப் பேரைத்தான்.

எந்தப் பேரை?

இரு. இப்ப இருந்துச்சு. மூஞ்சி இருக்கு, வழுக்கை இருக்கு, இடது கையை ஆட்டி ஆட்டிப் பேசறது இருக்கு. எந்த ஊரு, எந்தத் தொகுதியில முதல்ல நின்னு தோத்தான், அவன் அப்பன் பேரு குஞ்சிதபாதம், மச்சினன் மணல் லாரி வச்சிருக்கான், எல்லாம் வரிசையா வருது. இனிஷியல்கூட வருது, கு. அப்புறம் ஒண்ணும் இல்ல. வெள்ளையா இருக்கு. சரி, பதறக்கூடாது. க, ங, ச-ன்னு வரிசையாப் போவோம். க-வுல ஆரம்பிக்குமா, கா, கி, எதுலயும் ஒட்டலையே. நாம சொல்லாம இருந்து இருந்து போயிடுச்சா, இல்ல அந்த மார்க்கெட்டுத் தெரு மாதிரி போயிடுச்சா? சொல்ல மாட்டேன்னு இருக்கிறதுக்கு முதல்ல பேரு கையில இருக்கணுமே. இல்லாததை எப்படிய்யா சொல்லாம இருக்கறது? உள்ளங்கை ஈரமாயிடுச்சு, வேட்டிக் கரையில துடைச்சுக்கறேன். எங்கயாவது எழுதியிருப்பாங்க. ஊர் பூரா அந்த ஆளு பேரைத்தானே எழுதி வச்சிருக்கான், பஸ்ஸு முதுகுல, குப்பைத் தொட்டியில. அதோ எதிர்ச் சுவத்துல காப்பீட்டுத் திட்ட போர்டு, பெருசா. போட்டோ, கீழ பேரு. ஆனா எலக்‌ஷன் தேதி அறிவிச்சாச்சே, விதிமுறையாம், போட்டோ மேலயும் பேரு மேலயும் வெள்ளைத் தாளை ஒட்டிப் பசை தடவி வச்சிருக்கான். ஒரு ஓரமாவது கிழிஞ்சிருக்கான்னு பார்க்கறேன், இல்ல, சுத்தமா ஒட்டியிருக்கான். இந்த அரசாங்கத்துல உருப்படியா நடந்த வேலை இது ஒண்ணுதான் போல. பக்கத்துல ஒருத்தர் பேப்பர் விரிச்சிருக்கார், எட்டிப் பார்க்கறேன், முதல்வர் சூறாவளிப் பிரசாரம், முதல்வர் பேச்சு, முதல்வர் சவால். பேரைப் போட்டா என்ன, மை தீர்ந்து போகுமா? நுண்மதியைக் கேக்கலாம். நேராக் கேட்டா மாட்டிக்குவேன். சாதாரணமா, கால் ஆட்டிக்கிட்டே, "இன்னிக்கு எந்த ஊர்ல பேசறாராம் உங்க ஆளு"ன்னேன். போன்லேர்ந்து தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தா. "ஐயா இன்னிக்குத் திருச்சியிலப்பா"ன்னா. ஐயா. பாத்தீங்களா. நாங்க வெறுப்புல சொல்றது இல்ல, இவங்க மரியாதையில சொல்றது இல்ல. பெத்தவங்க ஆசையா வச்ச பேரு, அதை இந்த நாட்டுல ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொல்றது இல்ல. "எந்த ஐயா"ன்னு கேட்டுப் பார்த்தேன். "உங்களுக்கு இன்னிக்கு வம்பு பண்ணலேன்னா பொழுது போகாதா"ன்னு சொல்லிட்டு, ரொம்ப நாள் கழிச்சு, லேசாச் சிரிச்சா. எனக்கு அழுகை வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

மாசிலாமணின்னு கூப்பிட்டாங்க. உள்ள டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, நுண்மதியைவிட இளசு. சார் உக்காருங்கன்னுச்சு. கரைவேட்டியைப் பார்த்துச்சு. என்ன கிழமை, வியாழன். என்ன மாசம், பங்குனி. இங்கிலீஷ்லயும் சொல்லவான்னேன், வேண்டாம் சார் போதும்னுச்சு. மயில், சாவி, எலுமிச்சை, இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கங்க. வச்சுக்கிட்டேன். நூறுலேர்ந்து ஏழு. தொண்ணூத்து மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது, நான் சரசரன்னு இறங்கறேன், போதும் போதும்னுச்சு. வாய் கணக்குப் போடுது, மனசு க-வுலேர்ந்து ன-வரைக்கும் ஓடிட்டுத் திரும்பவும் க-வுக்கு வருது. கடியாரம் வரைஞ்சேன், முள்ளு ரெண்டும் சரியா நிக்குது. மயில், சாவி, கொஞ்சம் யோசிச்சு, எலுமிச்சை. நுண்மதி பின்னாடி மூச்சு விடறது கேட்டுச்சு, அவளும் பயந்துதான் இருந்திருக்கா, என்னைக் கூட்டிட்டுப் போக அவளுக்கு மட்டும் ஆசையா என்ன? அப்புறம் அந்தம்மா சாதாரணமா, மார்க்கைக் குறிச்சுக்கிட்டே கேக்குது. "இப்ப நம்ம முதலமைச்சர் யாரு சார்?"

நான் வாயைத் திறந்தேன். சொல்ல மாட்டேன்னு சொல்றதா, தெரியலன்னு சொல்றதா, ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணல. அதுக்குள்ள நுண்மதி பின்னாலேர்ந்து சிரிச்சுட்டா. "அதை மட்டும் கேக்காதீங்க டாக்டர், அப்பா சொல்ல மாட்டார். குடைக் கட்சி. அந்தப் பேரைச் சொல்றது இல்லன்னு சபதம் வேற. நல்லாத் தெரியும் அவருக்கு, மார்க் போட்டுடுங்க"ன்னா. டாக்டரம்மாவும் சிரிச்சுச்சு. "எங்க தாத்தாவும் இப்படித்தான்"ன்னு சொல்லிட்டுப் பேனாவை எடுத்து மார்க்கைப் போட்டுடுச்சு. முடிஞ்சுது. பாஸ். வீடு, கொடிக்கம்பம், வேப்பமரம், எல்லாம் என்னுது. மண்வெட்டிக்கு ஓட்டுப் போடற பொண்ணு எனக்காகப் பேசி, என் கட்சியைச் சொல்லியே என்னைக் காப்பாத்திட்டா. வாயை மூடிக்கிட்டு எழுந்தாப் போதும். எழுந்திருக்கத்தான் பார்த்தேன். ஆனா நாளைக்கு அந்த நாலு தெரு முன்னாடி நின்னா கோதண்டம் சைக்கிள்ல வருவானா, வரலன்னா? அடுப்பைத் திறந்து விட்டுட்டுத் தூங்கினா இவ மெட்ராஸ்லேர்ந்து எப்படி வந்து மூடுவா? அவ என் கையைப் பிடிச்சு எழுப்பறா, கை சூடா இருக்கு. "தெரியலம்மா"ன்னேன். டாக்டரம்மா திரும்பவும் சிரிச்சுச்சு. நுண்மதி, "பாருங்க டாக்டர், தெரியாதாம், எவ்வளவு கொழுப்பு"ன்னா. ஒருத்தரும் நம்பலை. வாழ்க்கை பூரா அந்த ஆளைப் பத்திப் பேசின பேச்சுக்கு இப்ப உண்மையைச் சொன்னாக்கூட எதிர்க்கட்சிப் பேச்சாத்தான் படுது. நான் அவ கையை விடல. "இல்ல நுண்மதி. நெசமாவே. வெளியில பெஞ்சுல உக்காந்ததுலேர்ந்து தேடறேன். வரலைம்மா."

அப்பதான் சிரிப்பு நின்னுச்சு. டாக்டரம்மா போட்ட மார்க்கை மெதுவா அடிச்சுச்சு. "இனிமே தனியா இருக்க வேண்டாம் சார். யாராவது கூட இருக்கட்டும்"னுச்சு, ரொம்பத் தன்மையாத்தான். சரின்னேன். நுண்மதி அழுவான்னு நினைச்சேன், அழல. முட்டி போட்டு என் எதிர்ல உக்காந்துக்கிட்டா, நான் அவளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தர்றப்ப உக்காருவேனே அந்த மாதிரி. இனிஷியலோட அந்த ஆளோட முழுப் பேரையும் சொன்னா. ஐயா கிடையாது, மாண்புமிகு கிடையாது, ஒண்ணும் கிடையாது, வெறும் பேரு. அவ மாமனார் கேட்டிருந்தா மயக்கம் போட்டிருப்பார். சொல்லிட்டு என் வாயையே பார்க்கறா. "எங்க, நீங்க சொல்லுங்கப்பா"ன்னா. சொன்னேன். முதல் தடவை நாக்கு குழறிடுச்சு, இன்னொரு தடவை சொன்னேன், ஒழுங்கா வந்துச்சு. பேரு நல்லாத்தான் இருந்துச்சு.